தோற்கிற கிளப்பும் பேசாத அப்பாவும்

இந்த ஊரில் சனிக்கிழமை சாயங்காலம் ரொட்டிக் கடைக்குப் போனால், கல்லாவில் நிற்கிற அம்மா "ஜெயிச்சோமா?" என்று யாரிடமும் கேட்பதில்லை. "எத்தனை?" என்றுதான் கேட்பார். எத்தனை கோல் வாங்கினோம் என்று அர்த்தம். வரிசையில் நிற்கிற யாராவது "மூன்று" என்பார்கள். "போன வாரத்துக்குப் பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு ரொட்டியைப் பையில் போடுவார். ஜெர்மனிக்கு வந்த புதிதில், யாருக்கோ காய்ச்சல் எத்தனை டிகிரி என்று விசாரிக்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன். கால்பந்து என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்கத் தேவைப்பட்டது.

எங்கள் ஊர் கிளப்புக்கு இல்லாதது எதுவும் கிடையாது. ஊர்ச் சனம் பாதி உட்காரலாம் என்கிற அளவுக்கு மைதானம் இருக்கிறது. அலமாரி நிறையக் கோப்பைகள் இருக்கின்றன. எல்லாம் கறுப்பு வெள்ளைப் படக் காலத்தில் வாங்கியவை. சின்ன வயதிலிருந்து பழக்கி ஆளாக்குகிற பயிற்சிப் பள்ளி இருக்கிறது. அதில் வளர்ந்தவன் வேறு கிளப்புக்குப் போன மறுமாதமே பிரமாதமாக ஆடுவான். அங்கே பிரமாதமாக ஆடுகிறவனைக் கொட்டிக் கொடுத்து இங்கே கூட்டிவந்தால், வந்த மறுமாதமே முட்டி வலிக்கிறது என்று உட்கார்ந்துவிடுவான். பயிற்சியாளர்களோ வாடகை வீட்டுக்காரர்களைப் போலப் பெட்டியைப் பிரிக்காமலேயே காலி செய்துகொண்டு போகிறார்கள். இப்படிப்பட்ட கிளப்பை இங்கே "தூங்கும் ராட்சசன்" என்பார்கள். எனக்கென்னவோ இந்த ராட்சசனுக்கு யாரோ தினமும் தூக்க மாத்திரை கொடுக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. ஐரோப்பா முழுக்க நாட்டுக்கு இரண்டு மூன்று ராட்சசர்கள் இப்படிக் குறட்டை விடுகிறார்கள். இத்தாலியில் வேலை பார்க்கும் எங்கள் பக்கத்து நத்தத்துக்காரர் ஒருவர் அங்குள்ள தன் கிளப்பைப் பற்றிப் புலம்பும்போது, கிளப்பின் பெயரை மட்டும் மாற்றினால் அது அப்படியே என் புலம்பல். எங்கள் கிளப்பின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் டீட்டர் என்னோடு பேசுவதை நிறுத்திவிடுவார். அதை ஒரு தடவை அனுபவித்தாகிவிட்டது.

டீட்டர் எங்கள் கீழ்வீட்டுக்காரர், பல் டாக்டர். அவர் பிறந்த வாரமே அவருடைய அப்பா அவரைக் கிளப்பில் உறுப்பினராக்கிவிட்டார். ஞானஸ்நானம்கூட அதற்கப்புறம்தான். என்னை முதன்முதலாக மைதானத்துக்குக் கூட்டிப்போனவர் அவர்தான். அன்றைக்கு வாங்கின அடி கொஞ்சநஞ்சமில்லை. திரும்பும்போது டிராமில் அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்லலாமே என்று, "பக்கத்து ஊர் கிளப் நன்றாக ஆடுகிறதே, ரயிலில் அரை மணி நேரம்தானே, பேசாமல் அதற்கு மாறிவிடலாமே?" என்றேன். நான் திண்டுக்கல்காரன். யார் ஜெயித்தாலும் அவர்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன் என்று மறுநாள் டீக்கடையில் கூசாமல் சொல்கிறவர்கள் மத்தியில் வளர்ந்தவன். என் கணக்கில் அது நல்லெண்ணத்தோடு சொன்ன யோசனை. டீட்டர் பதில் பேசாமல் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி மழையில் நடந்து போனார். அப்புறம் பல வாரம் மாடிப்படியில் என்னைப் பார்த்தால் சுவரைப் பார்த்தார். அலுவலகத்தில் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் காபியைக் கீழே வைத்துவிட்டு, "மனைவியை விட்டுவிடு என்று சொல்லியிருந்தால்கூட மனுஷன் யோசித்துப் பார்த்திருப்பார்" என்றார். ஒரு டப்பா முறுக்கோடு போய் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் டீட்டருக்கு வாய் திறந்தது.

பேசாமல் இருப்பவர்கள் எனக்குப் புதிதில்லை. அந்த வித்தையில் என் அப்பாவை அடிக்க ஆள் கிடையாது. அப்பா பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். என் அண்ணன் சேவியர் அவர் பழக்கிய பையன்களிலேயே பெரிய ஆட்டக்காரன். பந்து அவன் காலில் ஒட்டிக்கொண்டு வரும். அவன் ஆடுகிறான் என்றால் கன்னிவாடியிலிருந்துகூட சைக்கிளில் ஆள் வரும். மதுரையில் ஒரு பேங்க் டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அப்பா யார் யாரையோ பிடித்து அவனுக்கு இடம் வாங்கியிருந்தார். ஆடிக் காட்டினால் போதும், வேலை நிச்சயம். போகிற நாள் காலையில் அப்பா அவன் ஷூவைத் துடைத்துக் கொடுத்து, வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். அப்பா தலை மறைந்ததும் அண்ணன் மதுரை பஸ்ஸிலிருந்து இறங்கி நத்தம் பஸ்ஸில் ஏறிவிட்டான். நத்தம் பக்கம் சல்லிக்கட்டு. சேக்காளிகள் அங்கே காத்திருந்தார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் முட்டியெல்லாம் சிராய்ப்போடும், தலையில் ஓர் எவர்சில்வர் அண்டாவோடும் வீட்டுக்கு வந்தான். மாடு பிடித்ததற்குப் பரிசாம். மதுரையில் கொடுத்த பரிசு என்று நினைத்து அம்மா அண்டாவுக்குப் பொட்டு வைக்கப் போனது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்பா அண்டாவைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். அன்றைக்கு நின்ற பேச்சுதான். அந்த அண்டாவிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர்கூட அவர் மொண்டதில்லை.

ஒரே வீடு, ஒரே சோறு. பேச்சு மட்டும் கிடையாது. அம்மா இருந்தவரை இரண்டு பேருக்கும் நடுவே அம்மாதான் போய்வந்துகொண்டிருந்தார். அம்மா போன பிறகு அந்த வேலையை அண்ணி ஏற்றுக்கொள்ளவில்லை. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரியா?" என்று கேட்டுவிட்டு ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போய்விட்டார். ஆக, வேலை ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தது. நான் காலையில் பல் விளக்கிக்கொண்டிருப்பேன், அப்பா கூப்பிடுவார். "டேய், டேங்க் நெறஞ்சு வழியுது. அவன மோட்டார நிறுத்தச் சொல்லு." அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்டால், "இந்தா, கொல்லையில நிக்கிறான்" என்பார். நான் அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்வேன். அண்ணன் மோட்டாரை நிறுத்திவிட்டு, "நிறுத்தியாச்சுன்னு அவர்ட்டச் சொல்லிரு" என்பான். பத்தடி தூரத்துப் பேச்சு கடல் தாண்டி வந்து கடல் தாண்டிப் போகும். எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், அழுகையாகவும் இருக்கும். அண்ணன் இதற்கிடையில் சொந்தமாக லோடு வண்டி வாங்கி, ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப் பிள்ளைகளை நன்றாகவே படிக்க வைத்தான். அப்பாவுக்கு அது கண்ணில் படவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம், "அவன் மட்டும் அன்னைக்கு மதுரைக்குப் போயிருந்தா" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிடுவார்.

போன வசந்த காலத்தில் அப்பாவை இங்கே வரவழைத்தேன். ஒரு சனிக்கிழமை டீட்டர் அப்பாவின் கழுத்தில் கிளப்பின் ஷாலைச் சுற்றி மைதானத்துக்குக் கூட்டிப்போனார், நானும் போனேன். ஆட்டம் தொடங்கிச் செத்த நேரத்திலேயே அப்பா தீர்ப்பு சொல்லிவிட்டார். "இம்புட்டு வசதி இருந்தும் ஏன்டா இப்படி ஆடுறானுக? நம்ம பயலுக வெறுங்கால்ல இதவிட நல்லா ஆடுவானுகளே." எங்கள் பத்தாம் நம்பர் ஆட்டக்காரன் ஒருவன் இருக்கிறான். மனசு வைத்தால் தனி ஆளாக ஜெயித்துக் கொடுப்பான். மனசு வைக்க மாட்டான். அன்றைக்கும் மூன்று பேரை அநாயாசமாகத் தாண்டிப் போய், பந்தை ஆளே இல்லாத இடத்துக்குத் தட்டிவிட்டான். அப்பா எழுந்தேவிட்டார். "ஏலே, நிமிந்து பாருலே! எவனுக்குலே குடுக்குற?" அதே நொடியில் டீட்டரும் எழுந்து "ஷைஸே!" என்று கத்தினார். அந்தச் சொல்லின் அர்த்தம் காலைக்கடன் சம்பந்தப்பட்டது, இங்கே வேண்டாம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் மரியாதையோடு பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

வழக்கம்போலத் தோற்றோம். கூட்டம் கலையவில்லை. ஆட்டக்காரர்கள் வரிசையாக முன்னால் வந்து தலையைத் தொங்கப்போட்டு நிற்க, ஜனங்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். திட்டி முடித்ததும் பாட ஆரம்பித்தார்கள். அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"தோத்துட்டானுகல்ல? பெறகு எதுக்குடா பாட்டு? இவர்ட்டக் கேளு, இம்புட்டு வருசமா ஏமாத்துறானுகளே, ஒரு தடவையாச்சும் பேசாம இருந்து பாத்தாரான்னு கேளு."

கேட்டேன். டீட்டர் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டார். தான் வாயை மூடிக்கொண்டிருந்ததாக அப்பா குற்றம் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார். "பேசாமல் இருந்தேனா? நானா?" என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "பார், குரலே போய்விட்டது. இதைவிட எப்படித் திட்டுவது? வேண்டாம் என்று முடிவு செய்தவன்தான் பேசாமல் வீட்டில் இருப்பான். எனக்கு இவர்கள் வேண்டும் என்று உன் அப்பாவிடம் சொல்."

அதை அப்படியே தமிழில் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் என்ன சொல்லியிருக்கிறேன் என்று எனக்குச் சுருக்கென்றது. அப்பா கையிலிருந்த, சாப்பாடு சுற்றிக் கொடுத்த காகிதத்தை நான்காக மடித்தார், எட்டாக மடித்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் கிளம்பலாமா என்று கேட்டதற்கு, "இருடா, பாட்டு முடியட்டும்" என்றார். ஊருக்குத் திரும்பும் வரை அதைப் பற்றிப் பேசவேயில்லை.

அவர் ஊர் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அண்ணன் கூப்பிட்டான். பின்னால் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டின் கூச்சல்.

"தம்பி, அப்பா என்னையத் திட்டிட்டாருடா!"

"என்னன்னு?"

"'ஏலே எரும, தண்ணி ரோட்டுல ஓடுது, கண்ணு தெரியலயா, மோட்டார நிறுத்துலே'ன்னாரு. என்னையப் பாத்துடா. மூஞ்சிக்கு நேரா."

"நிறுத்துனியா?"

"எங்கடா, அப்படியே நின்னுட்டேன். அதுக்கும் திட்டுனாரு."

அவ்வளவுதான் சொன்னான். அப்புறம் நாற்பத்தைந்து வயது அண்ணன் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்று தேம்புவது கேட்டது. நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. அதற்குப் பிறகு அப்பா அடக்கி வைத்ததையெல்லாம் தவணை முறையில் திட்டித் தீர்த்தார். மதுரை, நத்தம், சேக்காளிகள், முடி வெட்டிய லட்சணம் என்று தினம் ஒன்று. அண்ணனும் பதிலுக்குக் கத்தினான். தெருவே கேட்டது என்று அண்ணி சொன்னார். எனக்குக் காலையில் வந்துகொண்டிருந்த அழைப்புகள் நின்றுபோயின. சந்தோஷப்பட வேண்டியதுதான், பட்டேன். ஆனாலும் பல் விளக்கும்போது கை தன்னால் ஃபோனைத் தேடும். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே வேலையும் போய்விட்டதே என்று இருக்கும்.

இந்த வருடம் கிளப் தன் குணத்தை முழுதாகக் காட்டியது. கடைசி ஆட்டத்தில் ஜெயிக்காவிட்டால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும் என்கிற நிலை. டீட்டரோடு நான் மைதானத்தில் இருந்தேன். திண்டுக்கல்லில் அப்பாவும் அண்ணனும் டிவி முன்னால் ஒரே பெஞ்சில். அப்பா அந்த வெயில் காலத்திலும் பனியனுக்கு மேல் கிளப்பின் கம்பளி ஷாலைச் சுற்றியிருந்தார். வீடியோ அழைப்பில் அவர்கள் முகம் என் ஃபோனில் தெரிந்தது. என் பக்கத்துச் சத்தத்தை மட்டும் அணைத்து வைத்திருக்கச் சொல்லி அப்பா உத்தரவு. மைதானத்தில் நடப்பது அவர்கள் டிவிக்கு அரை நிமிடம் பிந்தித்தான் போகிறது. நான் முந்திக் கத்தி ருசியைக் கெடுத்துவிடுகிறேனாம்.

ஆட்டம் சமநிலையில் முடியப்போகிற நேரத்தில் எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. பத்தாம் நம்பர் பந்தை வைத்தான், ஓடிவந்தான், வானத்துக்கு அடித்தான். பந்து போன திசையையே மைதானம் பார்த்துக்கொண்டிருந்தது. டீட்டர் என் தோளைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தார். நடுவர் விசில் ஊதினார். பின்வரிசையில் யாரோ விம்மினார்கள்.

நான் என் முகம் தெரியாதபடி ஃபோனின் கேமராவை விரலால் மூடிக்கொண்டு திரையைப் பார்த்தேன். அவர்கள் டிவியில் பத்தாம் நம்பர் இப்போதுதான் பந்தை வைத்துக்கொண்டிருந்தான். "எனக்கென்னமோ பயமா இருக்குப்பா" என்றான் அண்ணன். அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் அவன் தோளில் கையைப் போட்டார். "பாரு, போட்ருவான்" என்றார். என்னைச் சுற்றி எல்லோரும் அழ ஆரம்பித்திருந்தார்கள். நான் அந்தப் பெஞ்சில், அவர்கள் இரண்டு பேருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து, அங்கேயாவது அந்தப் பந்து உள்ளே போய்விடாதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.