லோடு என்ற ஒரு சொல்

தணிக்கை என்றால் காக்கிச் சட்டை, அரசாணை, பூட்டிய அச்சகம் என்றே பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் வெள்ளைக்காரன் காலத்துத் தடை நூல்களைத் தேடித் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன். ஆய்வுப் பட்டம், கல்லூரி வேலை எல்லாம் அதில் வந்தவைதான். சொந்த ஊர் போடியிலேயே, டீயும் முறுக்குமாக உட்கார்ந்து அதே வேலையைச் சிரித்தபடி செய்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

தேசிய இலக்கியத் தொகுப்பு ஒன்றுக்கு எங்கள் பக்கத்து வாய்மொழிப் பாடல்களைச் சேகரித்துத் தரும் பொறுப்பு எனக்கு வந்தது. சிலமலைக் கிராமத்தில் ஓர் அம்மா தன் மகளுக்காகப் பாடிய ஒப்பாரியைக் கொடுத்தேன். மகள் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போனவள். அளவுக்கு மீறி ஆளேற்றிய ஜீப்பு வளைவில் கவிழ்ந்ததில் செத்துப்போனாள். வேலைக்குப் போகும் பெண்களை இங்கே ஜீப்புக்காரர்கள் "லோடு" என்பார்கள். "லோடு ஏறிருச்சாண்ணே?" என்று அவர்கள் கேட்டுக்கொள்வது ஊரில் எல்லோர் காதிலும் விழும். அந்த அம்மா அதைத்தான் பாடினார்:

ஆளுன்னு பாக்கலையே,
லோடுன்னு ஏத்துனானே.

அச்சுக்கு முன் திருத்தம் பார்க்க வந்த தாளில் அந்த இடத்தில் வேறு வரிகள் இருந்தன:

ஆளோட ஆளாக
ஆசையா ஏறுனியே.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெட்டியிருந்தால்கூட வெட்டினார்கள் என்று இருந்திருப்பேன். வெள்ளைக்காரன் பாட்டைத் தடைதான் செய்தான், மாற்றிப் பாடிக் காட்டவில்லை. நேராகத் தொகுப்புக் குழுத் தலைவரிடம் போனேன்.

"லோடு இங்கிலீஷ் வார்த்தை மேடம். தேசிய அளவுல போற புத்தகம். தமிழ் சுத்தமா இருக்க வேணாமா?" என்றார்.

"அடுத்த பக்கத்துப் பாட்டுல பஸ்சு இருக்கே, அது சுத்தத் தமிழா?"

சிரித்தார். அவருடைய தமிழ்ப் பற்று ஒரு வரியோடு தீர்ந்துவிட்டது போலும். புத்தகத்துக்குச் செலவு செய்கிறவருக்கு மலையில் ஏலத்தோட்டம் இருக்கிறது. அதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இருவருக்கும் தெரியும்.

"ஒரு வரிக்கு இம்புட்டுக் கோவமா? அந்தம்மாகிட்டக் காட்டுங்க. மக பாட்டு புத்தகத்துல வருதுன்னா சந்தோசப்படும்."

காட்டத்தான் வேண்டும், பாட்டு அவருடையது. மகளுக்கு உருப்படியாக ஒரு போட்டோகூட இல்லாத அந்த அம்மா, என்னைப் பார்க்கும்போதெல்லாம் புத்தகம் எப்போது வரும் என்றுதான் கேட்பார். சிலமலைக்குப் போய் வாசித்துக் காட்டினேன். அந்த வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆசையாவா? மூச்சு முட்டுது, எறக்கி விடுங்கண்ணேன்னு கத்துனாளாம் எம்மக. கூடப் போனவுக சொன்னாக. ஆசையா ஏறுனான்னு அச்சடிச்சா, குத்தம் அவ மேலன்னுல்ல ஆயிரும், டீச்சர்?"

தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்தார். பிறகு, "எம்பாட்டைத் திருப்பிக் கொண்டாந்துருங்க" என்றார்.

அங்கிருந்தே தலைவருக்குப் போன் செய்தேன். பழைய வரியைப் போடுங்கள், இல்லாவிட்டால் பாட்டையே எடுத்துவிடுங்கள் என்றேன்.

"எடுத்துருவோம் மேடம்" என்றார், யோசிக்கக்கூட இல்லாமல்.

புத்தகம் வந்துவிட்டது. பாட்டு இல்லை. ஏன் இல்லை என்று கேட்கிறவர்களிடம், "மேடம்தான் வேணாம்னு எடுத்துட்டாங்க" என்கிறாராம் தலைவர். அவர் சொல்வது பொய்யுமில்லை.