ஜோட்டாவுக்கு ஒரு பல்

போர்த்துக்கீசிய மொழி படிப்பதற்காக ஆடாத பல்லைப் பிடுங்கப் பார்த்த மாணவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். பெருமைக்குச் சொல்லவில்லை; தேறாமல் போய்விடுவேனோ என்ற பயம் அப்படி.

கோவா அப்போது போர்த்துக்கீசியர் கையில் இருந்தது. அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, கன்னியாஸ்திரீகளுக்குச் சமைக்கப் போன இடத்தில், அங்கே ரொட்டிக்கடை வைத்திருந்தவரைக் கட்டிக்கொண்டாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. திண்டிவனத்தில் எங்கள் வீட்டிலோ ஐந்து பிள்ளைகள். அப்பா வேலை பார்த்த அரிசி மில் மூடிக் கிடந்தது. எட்டு வயது நான், ஆறு வயது தங்கை, இருவரில் ஒருவரைக் கூட்டிப்போய் வளர்ப்பதாகப் பேசி, அந்தக் கோடையில் பெரியம்மாவும் பெரியப்பாவும் வந்து இறங்கினார்கள். அங்கே பள்ளிக்கூடம் போர்த்துக்கீசிய மொழியில். யாருக்கு நாக்கு வளைகிறதோ அந்தப் பிள்ளை வரட்டும் என்றார் பெரியப்பா.

எனக்குப் போயே ஆக வேண்டும். ரயில், கடல், தினமும் ரொட்டி. எங்கள் வீட்டில் கேப்பைக்கூழ். அதுவும் எண்ணெய்க் கிண்ணம் அளவுக்குச் சுருங்கியிருந்தது.

பாடம் தொடங்கியது. பெரியப்பாவின் கொஞ்சத் தமிழும் பெரியம்மாவிடம் கற்றது. அதனால் திட்டு மட்டும் சுத்தமாக வந்தது. ரொட்டிக்கு அவர் மொழியில் ‘பாவ்ங்’. பாதிச் சத்தம் வாயிலும் பாதி மூக்கிலும் வர வேண்டும். எனக்கு முழுவதும் மூக்குக்கே போயிற்று.

“இன்னாடா, சளி புடிச்ச எருமை மாதிரி கத்தறே?” என்றாள் பெரியம்மா.

நம்முடைய ‘ஞ’ அவர்களிடமும் உண்டு. அதற்குப் பாவம், இரண்டு எழுத்தைச் செலவழிக்கிறார்கள். அதில் மட்டும் தேறினேன். என்னைக் கவிழ்த்தது ‘ஜோட்டா’ என்ற எழுத்து. ஜ-வும் இல்லை, ஷ-வும் இல்லை. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் எழும் சத்தம். எனக்குக் கல்லே காயவில்லை. முன்பல் விழுந்திருந்த தங்கையோ, மல்லாட்டைக் கடலையை மென்றுகொண்டே அதைச் சொல்லிவிட்டாள். ஆகா, எழுத்து அந்தச் சந்தில்தான் குடியிருக்கிறது என்று கண்டுபிடித்தேன்.

மறுநாள் காலை சர்ச்சில் பூசை முடிந்ததும் தேர்வு. நூலின் ஒரு முனையைப் பல்லிலும் மறுமுனையைக் கதவுக் கொண்டியிலும் கட்டிக்கொண்டு நின்றேன். வெளியிலிருந்து அப்பா கதவைத் தள்ளினார். பல் வரவில்லை; கதவு வந்தது. உதடு பணியாரமாக வீங்கியது.

அம்மா மஞ்சளைக் குழைத்துப் பற்றுப் போட்டாள். “ரெண்டு நாளிக்கு வாயே தொறக்காதே. யாரு கேட்டாலும் தொறக்காதே.”

மறுநாள் திறந்தேன். எச்சில்தான் வந்தது. பெரியப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். தங்கை ஒரே முறை சொன்னாள். அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

விழுப்புரம் ஜங்ஷன் வரை வழியனுப்பப் போனோம். தங்கை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் இடத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாளே என்று நான் பிளாட்பாரத்தில் புரண்டு அழுதேன்.

“பாரேன், தங்கச்சி மேல பையனுக்கு இன்னா பாசம்!” என்று ஒரு பழக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கொஞ்ச காலத்தில் கோவா எல்லையை அடைத்துவிட்டார்கள். அது திறப்பதற்குள் அம்மா கண்ணை மூடிவிட்டாள். அன்றைக்கு இதெல்லாம் யாருக்குத் தெரியும்?

ரயில் நகர்ந்ததும் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். எலும்பு நொறுங்குகிற பிடி. ரயிலை அவள் பார்க்கவேயில்லை.

“வுடும்மா, வலிக்குது. வீக்கம் வடிஞ்சதும் கரீட்டா சொல்லிடறேன், என்னியும் அனுப்பிடு” என்று கெஞ்சினேன்.

பிடி இன்னும் இறுகிற்று. பரீட்சையில் தோற்றதற்குத் தண்டனை என்று நினைத்துக்கொண்டு, பஸ் ஏறும்வரை அவள் கையைக் கடித்துக்கொண்டே வந்தேன்.