சாட்சிக் கையெழுத்து

மகளிர் காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் அம்மா இருந்தார். உதடு வீங்கிய என் தங்கை மகள் இருந்தாள். அடித்த அவள் புருசன் இருந்தான். காமயகவுண்டன்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் பேனாவோடு வந்த நான் இருந்தேன்.

அவன் அடிப்பான். "இனி அடிக்க மாட்டேன்" என்று எழுதித் தருவான். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டு அவளை அனுப்பிவைப்பேன். மூன்றாம் வகுப்புப் படித்ததற்கு ஊரில் எனக்கு அந்த மரியாதை.

"எழுதிருவோமா ஆத்தா?" என்றேன்.

"வேணாம் மாமா. வீட்டுல அடிச்சாலும் கோர்ட்டுக்குப் போகலாம்னு புதுச் சட்டம் வந்திருக்காம்" என்றவள், பழைய கடிதங்களை மேசையில் வைத்தாள்.

"எல்லாத்துலயும் நீங்கதான் சாட்சியா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர் அம்மா.

"ஆமாம்மா" என்றேன், பெருமையாக.

"அப்ப கோர்ட்டுக்கும் வந்து சொல்லுங்க."

கடிதங்களை எண்ணச் சொன்னார். நானே எண்ணினேன்.

ஒன்பது.