இடுப்புப் பட்டிக்குள் பதினோரு பைகள்

பட்டன் வாங்கப் போன இடத்தில்தான் அந்தச் செய்தி தையல்காரியின் காதில் விழுந்தது. கடைக்காரருக்கு அவர் மச்சினி சொன்னாளாம். மச்சினிக்குப் பள்ளிக்கூட வாட்ச்மேன் சொன்னாராம்.

"யாரோ ஒரு டெய்லர், பிள்ளைங்க யூனிஃபார்ம்ல திருட்டுப் பை வச்சுத் தைக்கிறாளாம். வேப், அதான் அந்தக் கரண்ட் சிகரெட்டு, அத ஒளிச்சு வைக்கிறதுக்கு!"

"அடிப்பாவி, வெளங்குவாளா அவ!" என்று இவளும் சேர்ந்து திட்டினாள். திட்டிவிட்டுப் படியிறங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. இடுப்புப் பட்டிக்குள், விரல் நீளத்தில், வெளியே தையலே தெரியாத பை. போன மாதம் பதினோரு பேண்ட்டில் அவளே தைத்தது. பேனா வைக்க என்று பிள்ளைகள் வந்து கேட்டார்கள். இவளும் தன் கைத்திறமையைத் தானே மெச்சிக்கொண்டு, ஒன்றைவிட இன்னொன்றை நுணுக்கமாகத் தைத்தாள். முதல் பை யாருக்கு? சொந்த அக்கா மகளுக்கு.

மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்த ஒற்றை அறையில் பன்னிரண்டு வருடமாக மெஷின் மிதிக்கிறாள். கொடுத்த தேதி தவறியதில்லை. கோணல் தையல் என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. அப்படிப்பட்டவள் அன்று சாக்குக்கட்டியை எடுத்துக் கதவில் எழுதினாள்: 'உள்பைகள் உடனே பிரித்துத் தரப்படும். கேள்வி கிடையாது. வீட்டில் சொல்வதும் கிடையாது.'

யார் வரப்போகிறார்கள் என்றுதான் நினைத்தாள். மறுநாள் பள்ளி விட்டதும் இரண்டு பேர். அதற்கடுத்த நாள் ஐந்து! பிளேடு பிடித்த கை பரபரத்தது. ஒருத்தன் போகிற போக்கில், "ஆன்ட்டி, உள்ள இருக்கிறதையும் நீங்களே குப்பையில போட்டுடுங்க" என்று கருவியை மேசையில் வைத்துவிட்டு ஓடினான். சனிக்கிழமைக்குள் பத்து பேர் வந்தாயிற்று. வராதது அக்கா மகள் மட்டும்தான்.

ஞாயிறு காலை அவளும் வந்தாள், வெறுங்கையோடு.

"எங்கடி பேண்ட்? பேனா வைக்கிறாளாம் பேனா! பெரிய எழுத்தாளர்னு நெனப்பு."

"பிரிச்சா மட்டும் போதுமா சித்தி? பைய பிரிச்சா பென்சில் பாக்ஸ்ல வைப்பேன். அத இழுக்காம ரெண்டாவது பீரியட் தாண்ட முடியல எனக்கு."

இந்தக் குழந்தைக்கா?

"இந்தப் பழக்கத்த விடறதுக்குப் போன்ல உதவி பண்றாங்களே, அந்த நம்பர வாங்கி வச்சிருக்கேன். மூணு வாரமாச்சு. அம்மா பார்த்துடக் கூடாதுன்னு 'டியூஷன்'னு பேர் போட்டு வச்சிருக்கேன்."

"அடி கெட்டிக்காரி! குடு, நான் பேசறேன்."

"நானே பேசறேன். நீங்க என் கையப் பிடிச்சுக்குங்க, அது போதும்."

அக்கா மகள் அந்த எண்ணை அழுத்தி ஸ்பீக்கரைப் போட்டாள். மெஷின் மிதிப்பதைவிட வேகமாகத் தையல்காரியின் நெஞ்சு அடித்தது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அக்கா மகளின் விரல்கள் இவள் உள்ளங்கையை நெரித்தன.

மறுமுனையில் முதல் மணி அடித்தது.

"எடுப்பாங்கல்ல சித்தி?"

"எடுப்பாங்கடி. வைக்காத, வைக்காத!"

இரண்டாவது மணி. மூன்றாவது.