இடம் பிடிக்கும் செருப்பு

கொழும்பு வெள்ளவத்தையில் புடவைக்கடை வைத்திருக்கும் விசாகரத்தினத்துக்கும் மனைவி யோகமலருக்கும், சிங்கப்பூரிலுள்ள மகள் துளசிகா, தன்னிடம் வரும்போது தங்குவதற்கு அங்குள்ள பெரிய கேளிக்கைப் பூங்காவொன்றில் அறையே எடுத்துவிட்டாள். அங்கே ஒவ்வொரு விளையாட்டுக்கும் வரிசையாம் என்று யாரோ சொன்னதிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

வரிசை அவருக்குப் புதிதல்ல. தட்டுப்பாட்டுக் காலத்தில் வெயிலில் காஸ் சிலிண்டரை உருட்டி உருட்டி நகர்ந்து, தன் முறை வந்தபோது வெறுங்கையோடு திரும்பியவர். ஆகவே விடியுமுன்பே வரிசைக்குப் போவதென்று முடிவுசெய்து, பெட்டிக்குள் உட்கார மடக்குக் கதிரை வைத்தார், ப்ளாஸ்க் வைத்தார், எழும்பிப் போனால் இடம் பிடித்து வைக்கப் பழைய செருப்பையும் வைத்தார்.

"உங்களுக்கென்ன விசரே?" யோகமலர் செருப்பைத் தூக்கி மூலையில் எறிந்தாள்.

வீடியோ அழைப்பில் இதைப் பார்த்த மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, விடியமுன்னம் போய் நிண்டு என்ன செய்யப்போறியள்? ஆறுதலாப் போகலாம்."

"சரி பிள்ளை. ஆனா ஒண்டு கேக்கிறன்." அவர் குரல் தணிந்தது. "எங்கட முறை வரேக்க, முடிஞ்சுது எண்டு சொல்லமாட்டினம்தானே?"

மகளின் சிரிப்பு நின்றுபோனது. "இல்லையப்பா, அது முடியிற சாமான் இல்லை."

யோகமலர் மூலையில் கிடந்த செருப்பை எடுத்துத் தட்டி, பெட்டிக்குள் வைத்து மூடினாள்.