தொண்ணூற்றாறில் கொதித்த தண்ணீர்

போன வாரம் கொல்லிமலையில் இரண்டு தெர்மாமீட்டர்கள் மீது பழி போட்டேன். இரண்டும் நிரபராதிகள்.

வாசலூர்பட்டிக்குப் பக்கத்தில் பொன்னியக்காவுக்கு அன்னாசித் தோட்டம் இருக்கிறது. நாமக்கல் பேக்கரிக்காரர் ஒருவர், அரைக்கிலோ பாட்டிலில் பத்து அன்னாசி ஜாம் சாம்பிள் கேட்டிருந்தார். பிடித்தால் சீசன் முழுக்க எடுத்துக்கொள்வாராம். புதன்கிழமை மத்தியான பஸ்ஸில் சாம்பிள் போயாக வேண்டும். பிடிக்காவிட்டால்? பழுத்துக் குவிந்திருக்கும் பழத்தை லாரிக்காரர் சொன்ன விலைக்கு ஏற்றிவிட வேண்டியதுதான்.

நான் படித்தது உணவுத் தொழில்நுட்பம். எனவே அக்கா என்னைக் கூப்பிட்டார். நாமக்கல்லில் என் வீட்டிலேயே ஒருமுறை செய்து பார்த்து, பட்டியலோடு மலையேறினேன். பழக்கூழ் மூன்று கிலோ. சர்க்கரை மூன்று கிலோ. ஆவியாகப் போகும் தண்ணீர் ஒரு கிலோ. மிச்சம் ஐந்து கிலோ ஜாம், பத்து பாட்டில். நூற்றைந்து டிகிரியில் இறக்கவும்.

அடுப்பில் ஜாம் கொதித்தது. நூறு... நூற்றொன்று...

"போதுங்க, எறக்கிரலாங்க. பதம் வந்துருச்சு" என்றார் அக்கா.

"இன்னும் நாலு டிகிரி இருக்குக்கா."

"பாத்தாலே தெரியுதுங்களே..."

"பட்டியல்ல நூத்தஞ்சு!"

பட்டியல் ஜெயித்தது. ஆறியதும் கரண்டியை இழுத்தேன் — பாத்திரமும் கூடவே வந்தது.

பழம் சீவிக்கொண்டிருந்த சாந்தி, அக்காவின் ஓரகத்தி, எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, ஜாம் கேட்டா கமர்கட்டு செஞ்சு வெச்சிருக்கீங்க? பேக்கரிக்காரருக்குப் பல்லு கெட்டிங்களா?"

அக்கா சிரிக்கவில்லை. "சீவுன பழம் இன்னும் ஒரு தடவைக்குத்தான் வருங்க" என்றார்.

தெர்மாமீட்டரைச் சோதிக்கக் கொதிக்கும் தண்ணீரில் வைத்தேன். தொண்ணூற்றாறு. கோளாறு! பையில் இருந்த இன்னொன்றை வைத்தேன். தொண்ணூற்றாறு.

இரண்டு கருவிகள் சொல்லிவைத்து ஒரே பொய்யைச் சொல்லுமா? நோட்டை எடுத்து எழுதினேன். ஒன்று, தெர்மாமீட்டர் கோளாறு. இரண்டு, தண்ணீர் கோளாறு. மூன்று, நான்? அதற்குப் பக்கத்தில் மட்டும் கேள்விக்குறி போட்டேன்.

"தண்ணி கொதிக்குதுங்களா, இல்லீங்களா?" — சாந்தி.

"கொதிக்குதுங்க."

"அப்பறம் என்னங்க?"

"அது அப்பிடித்தான் சாந்தி" என்றார் அக்கா. "கீழ எங்கம்மா ஊட்டுல பருப்பு வேகற நேரத்துல இங்க வேகாது. குக்கர் இல்லீன்னா நாளெல்லாம் கொதிச்சுக்கிட்டே கெடக்கும்."

அப்போதுதான் உறைத்தது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் நூறுக்கு முன்பே கொதித்துவிடும். இதைப் பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான்! கேள்வித்தாளில் மலை வந்தால் அடையாளம் தெரிகிறது. காலுக்குக் கீழே இருந்தால் தெரிவதில்லை... உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

ஜாம் இறக்க வேண்டியது தண்ணீரின் கொதிநிலைக்கு ஏறக்குறைய ஐந்து டிகிரி மேலே. கீழே நூற்றைந்து, இங்கே நூற்றொன்று. அக்கா "போதுங்க" என்று சொன்ன அதே நூற்றொன்று. இந்த முறை அங்கேயே இறக்கினோம். பளபளவென்று, தொட்டால் தளதளவென்று அருமையாக வந்தது.

அரைலிட்டர் பாட்டில்களில் விளிம்பு வரை நிரப்பினோம். ஏழரை பாட்டிலோடு பாத்திரம் காலி.

மீதி இரண்டரை எங்கே? பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது. ஆவி அதிகமாகப் போய்விட்டதா? கணக்கை மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் பத்து.

"வழிச்சு நக்கிட்டீங்களா?" என்று சாந்தி என் வாயைப் பார்த்தார்.

அக்கா மிளகு நிறுக்கும் தராசை இழுத்து வைத்தார். காலி பாட்டிலின் எடையைக் கழித்தால் ஒரு பாட்டிலில் ஜாம் அறுநூற்று அறுபது கிராம்.

"உங்க அரைக்கிலோ நெம்பக் கனமா இருக்குதுங்க."

ஐந்நூறு மில்லியைத் தண்ணீரால் நிரப்பினால் ஐந்நூறு கிராம். ஜாமால் நிரப்பினால்? சர்க்கரை சேர்ந்தது கனக்கத்தானே செய்யும்! பாட்டில் வாங்கியது நான். எடையைக் கேட்டவருக்குக் கொள்ளளவை வாங்கிவந்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் வழித்து, நிறுத்து, ஐந்நூறு ஐந்நூறாக நிரப்பினோம். சரியாகப் பத்து. சாந்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி பஸ்ஸில் ஏற்றினார்.

சாயங்காலம் பேக்கரிக்காரர் போன் செய்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"ருசி நல்லாருக்குதுங்க. ஆனா பாட்டிலு கழுத்து வரைக்கும் வரலீங்களே? கொறையுதே!"

அக்கா என்னைப் பார்த்தார். நான் நோட்டைத் திறந்தேன். அடர்த்தி, கொள்ளளவு, நிறை என்று ஆரம்பிக்க வாயெடுத்தேன். அதற்குள் அக்காவே சொல்லிவிட்டார்: "கண்ணுல பாக்காதீங்க, தராசுல வெச்சுப் பாருங்க."

அந்தப் பக்கம் தராசில் பாட்டிலை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிங்க, திங்கக்கெழமையிலிருந்து அனுப்புங்க."

நோட்டை மூடினேன். அன்று முழுவதும் நான் செய்தவற்றில், வாயைத் திறக்காமல் இருந்த அந்த அரை நிமிடம்தான் சரியான அளவு.