அம்மா சொன்ன ஒரே திருத்தம்

அம்மாவுக்குத் தெரியாமல்தான் அந்த நாவலை எழுதினேன். நானும் அவளும் முகம் கொடுத்துப் பேசாமல் கழித்த வருடங்கள்தான் கதை. அச்சாகி வந்த பிரதிகளைப் பெரம்பலூரில் என் வீட்டு பீரோவில், சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். ஐந்தாவதோடு நின்றவள் இதையெல்லாம் எங்கே படிக்கப்போகிறாள் என்ற தைரியம் வேறு.

போன மாதம் ஜெயங்கொண்டத்துக்கு பஸ் ஏறினேன். வாசலில் அம்மா முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் என் நாவல்! என் வீட்டுக்கு வந்திருந்தபோது எடுத்துப் போயிருக்கிறாள். ஒவ்வொரு பக்கத்திலும் அவள் கட்டைவிரலின் முந்திரிக் கறை.

"மூணு மாசமா எழுத்துக்கூட்டிப் படிச்சேன்டி. எல்லாம் சரிதான். ஒண்ணுதான் தப்பு. காலேஜ் அப்ளிகேசனக் கிழிச்சது ஒங்கப்பான்னு போட்டிருக்க. கிழிச்சது நான்தானே?"

"படிக்கிறவங்க ஒன்னத் தப்பா நெனப்பாங்களேன்னுதாம்மா..."

"அதுக்கு? செத்துப்போன மனுசன் எந்திரிச்சு வந்து, நான் இல்லன்னு சொல்லவா போறாரு? அவரு ஒன்னப் படிக்க வைக்கணும்னுதான் நின்னாரு. நான்தான் பயந்துபோயிக் கிழிச்சேன். மாத்தி எழுது."

சொல்லிவிட்டு அடுத்த கொட்டையை எடுத்தாள்.

அம்மாவைக் காப்பாற்றிவிட்டதாக அதுவரை எனக்கொரு பெருமை இருந்தது. நாவல் முழுக்கத் தேடினாலும் அவளுடைய அந்தத் துணிச்சல் ஒரு வரியில்கூட இல்லை.

மாற்றி எழுதி எடுத்துப் போய், அவளுக்கே படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவள், "கிழிச்சு அடுப்புல போட்டேன். அதையும் சேத்துக்க" என்றாள்.